நாக்பூர் லைனில் கருப்பு பெல்ட்

ஜூலை 7, ஞாயிறு

இன்று சங்ககிரியில் நாற்பது லாரி டிரைவர்களுக்குத் தற்காப்புப் பயிற்சி அளித்தேன். வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சின்ன சலசலப்பு தவிர.

லாரி முதலாளி சம்பூர்ணம்மா போன வாரம்தான் என் கராத்தே பள்ளியின் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். நாக்பூர் லைனில் ஒரே வருடத்தில் அவருடைய டிரைவர்கள் மூன்று பேர், வண்டியில் படுத்திருந்தபோது அடிபட்டுப் பணத்தையும் போனையும் பறிகொடுத்திருக்கிறார்கள். இப்போது அந்த லைன் என்றாலே எல்லோருக்கும் காய்ச்சல் வந்துவிடுகிறதாம். பொன்னுரங்கம் ஆகிய நான் மூன்றாம் நிலை கருப்பு பெல்ட். இருபத்தேழு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கராத்தே கற்றுக்கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்குள் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் வகுப்பு. நிற்கும் முறை, தடுப்பு, உதை. கடைசியில், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றேன். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் கை தூக்கினார். பெயர் மாதேசு.

“ஏனுங்க மாஸ்டர், நாங்க படுத்திருக்கறப்பத்தானுங்க அடிக்க வர்றானுங்க. படுத்துக்கிட்டே செய்யற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?”

முப்பத்தொன்பது பேர் சிரித்தார்கள். மாதேசு சிரிக்கவில்லை.

“அதற்குத் தனி வகுப்பு இருக்கிறது” என்றேன்.

“அப்ப அந்தத் தனி வகுப்பையே நடத்திருங்க” என்றார் சம்பூர்ணம்மா. “அதுக்கு முன்னால ஒரு டிரிப்பு போயி நேர்ல பார்த்துட்டு வாங்க. மாதேசு புதன்கிழமை ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு நாக்பூர் போறான்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள்.

ஜூலை 8, திங்கள்

படுத்துக்கொண்டு செய்யும் தற்காப்பு பற்றி என்னிடம் உள்ள எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

கட்டிலில் படுத்தபடி பக்கவாட்டு உதை முயன்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. கோகிலா தைலம் தேய்த்துவிட்டாள்.

“எதிரி எங்க நின்னான்?” என்றாள்.

“கற்பனை எதிரி.”

“அவனுக்கும் அடி பட்டுச்சா?”

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம். என் கலையை அவள் ஒருநாளும் மதித்ததில்லை.

ஜூலை 10, புதன்

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். பை நிறைய இஸ்திரி போட்ட வெள்ளைச் சீருடை, முட்டிக்கு உறை, சர்க்கரை மாத்திரை, தைலம். தற்காப்புக்கு நஞ்சாக்கு. சங்கிலியால் பிணைத்த இரண்டு கட்டைகள். சுழற்றினால் நான்கடிக்குள் யாரும் வர முடியாது.

கேபினின் அகலமே நான்கடிதான் என்பது சுழற்றிய பிறகுதான் தெரிந்தது. டேஷ்போர்டில் இருந்த குட்டி மின்விசிறியின் இறக்கை உடைந்தது. மாதேசு நஞ்சாக்கை வாங்கிச் சமையல் பெட்டிக்குள், பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் கிளீனர் கிடையாதாம். டிரைவர் ஒருவர்தான். பன்னிரண்டு சக்கரம், இருபது டன், ஒரே ஆள்.

தொப்பூர் கணவாய் வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டது தியானத்துக்காக.

ஜூலை 11, வியாழன்

லாரிக்காரர் வாழ்க்கையைக் கவனித்து எழுதிக்கொள்வதுதானே நான் வந்த வேலை. எழுதுகிறேன். காலையில் ஒரு பெட்ரோல் பங்கில் குளியல். பக்கெட் அவர்களுடையது, மக்கு நம்முடையது. பிறகு இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்கிறார் மாதேசு. சத்தத்திலேயே காற்று குறைந்த டயர் தெரிந்துவிடுமாம். எனக்குப் பன்னிரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. அனந்தபூர் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் அடுப்பைப் பற்ற வைத்துச் சோறு, தக்காளிக் குழம்பு. குழம்பு பிரமாதம். கோகிலாவிடம் போனில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மாதேசு காலையிலிருந்து ஒன்பது டீ குடித்துவிட்டார். முகத்தில் அடிக்கடி தண்ணீர் அடித்துக்கொள்கிறார். கண் சிவந்திருக்கிறது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலும். கோகிலா கொடுத்த கண் சொட்டு மருந்தைக் கொடுத்தேன்.

அவர் இடது காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. சாப்பிடும்போது கேட்டேன்.

“பதினோரு தையலுங்க. போன கார்த்திகை மாசம். தலைகாணிக்கு அடியில வீல் ஸ்பேனரு வெச்சுட்டுத்தான் படுத்திருந்தேன். கதவு தொறந்ததே தெரியல. என்ற ஸ்பேனரை எடுத்து என்னையவே அடிச்சானுங்க.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“அடி வாங்கினனுங்க.”

எழுத வேண்டிய குறிப்பு: தலையணைக்கடியில் ஆயுதம் வைப்பது சரியா? யோசிக்க வேண்டும்.

இரவு கர்னூல் தாண்டி ஒரு டாபாவில் நிறுத்தினோம். வெளிச்சக் கம்பத்துக்கு நேர் கீழே இடம் கிடைக்கும் வரை மூன்று முறை வண்டியை முன்னும் பின்னும் எடுத்தார். இரண்டு கதவுக் கைப்பிடிகளையும் ஒரே நைலான் கயிற்றால் உள்ளிருந்து இழுத்துக் கட்டினார். டீசல் டேங்க் மூடி மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். யாராவது தொட்டால் விழுந்து சத்தம் போடும். எளிய முறைதான். ஆனால் எந்தக் கராத்தே புத்தகத்திலும் இல்லை.

எனக்குப் படுக்கைப் பலகையைக் கொடுத்துவிட்டு அவர் சீட்டிலேயே சாய்ந்துகொண்டார். விளக்கை அணைக்க வேண்டாம், எழுத வேண்டியிருக்கிறது என்றேன். மூன்று மணி வரை எழுதினேன். இந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது என்றால், நிறைய யோசித்தேன் என்று அர்த்தம்.

ஜூலை 12, வெள்ளி

என் வாழ்வில் முக்கியமான நாள்.

ஐந்து மணிக்கு எழுந்தேன் (எழுந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு). சீருடை அணிந்து, லாரியின் பின்பக்கம் போய்க் காலைப் பயிற்சி தொடங்கினேன். லேசான தூறல். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து “கியா!” என்று கத்தினேன். என் பள்ளி மண்டபத்தில் இந்தக் கத்தலுக்குப் புறாக்கள் பறந்துவிடும். தொட்டில் கட்டியிருக்கும் பக்கத்து வீட்டார், கத்துவதற்கு முன்பே சொல்லிவிடும்படி என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணைத் திறந்தபோது டம்ளர் உருண்டது, கூடவே ஒரு பிளாஸ்டிக் கேனும். எங்கள் டீசல் டேங்குக்கு அடியிலிருந்து இரண்டு பேர் எழுந்து சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ கும்பிடு போட்டது போலக்கூட இருந்தது. நானும் லாரியின் மறுபக்கத்துக்கு வேகமாகச் சென்றேன். அங்கே வேறு யாரும் ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் அல்லவா.

டாபா முழுக்கக் கூடிவிட்டது. டாபாக்காரர் டீயும் பரோட்டாவும் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். எட்டுப் பேர் என்னுடன் படம் எடுத்துக்கொண்டார்கள். திருடர்கள் வருவதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று நம் ஊர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் கேட்டார். பயிற்சி பெற்ற உடம்பு காற்றின் அசைவிலேயே உணர்ந்துவிடும் என்றேன். அப்படித்தான் உணர்ந்திருக்க வேண்டும் என்று எனக்கும் இப்போது தோன்றுகிறது.

மாதேசு மட்டும் டம்ளரைத் தேடி எடுத்து, துடைத்து, பெட்டிக்குள் வைத்தார்.

“நல்ல கத்துங்க மாஸ்டர்” என்றார்.

இதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 13, சனி

கன்னம் வலிக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை பதினொன்றரை. ஆதிலாபாத் இன்னும் வரவில்லை. இரண்டு பக்கமும் தேக்குக் காடு. நான் மாதேசிடம் முன்னங்கால் நிலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். “ம்”, “ம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ‘ம்’ வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை. லாரி மெதுவாக, மிக மெதுவாக, நடுத்தடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“மாதேசு!”

உடம்பு தூக்கிப்போட, ஸ்டியரிங்கை ஒடித்தார். பின்னால் வந்த ஒரு பஸ் ஹாரனை அமுக்கியபடி உரசுவதுபோல் போனது. சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினார். அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

“எட்டு மாசமாச்சுங்க மாஸ்டர், ரோட்டுல தூங்கி” என்றார். “லோடு எறக்கற எடத்துல, ஆளு நடமாட்டத்துல ஒரு அரைமணி கோழித்தூக்கம் தூங்குவேன். வண்டியில தனியாப் படுத்தா கதவு தொறக்கற சத்தம் கேக்குது. தொறக்கவே இல்லீனாலும் கேக்குது. வூட்டுலயும் இப்ப அப்படித்தான். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா வண்டியக் குடுக்க மாட்டாங்க.”

ஒன்பது டீ. தண்ணீர். சிவந்த கண். நான் சொட்டு மருந்து கொடுத்தேன்.

“நீங்கதான் இருக்கீங்கல்ல” என்றார். “நேத்து ரெண்டு பேரைத் தொரத்துனீங்க. ஒரு மணி நேரம் படுத்துக்கறேன். பார்த்துக்குங்க.”

படுக்கைப் பலகையில் ஏறினார். நான்கு நிமிடத்தில் குறட்டை.

நான் வெளிச்சக் கம்பம் இல்லாத, டாபா இல்லாத, ஆளில்லாத காட்டுச் சாலையில் உட்கார்ந்திருந்தேன். நேற்று நான் யாரையும் துரத்தவில்லை. இதை இங்கே எழுதிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன், அவ்வளவுதான். அந்தப் பொய்யை நம்பி ஒரு மனிதர் எனக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

ஒரு மணி நேரம் ஆனது. எழுப்பவில்லை. இரண்டு மணி நேரம். மூன்றாவது மணி நேரத்தில் ஒரு பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கையில் தடி. லாரியின் பக்கவாட்டில் தட்டினான்.

என் மனதில் முதலில் வந்தது கதவைப் பூட்டிக்கொள்வதுதான். ஆனால் அவன் இன்னொரு முறை ஓங்கித் தட்டப் பார்த்தான். தட்டினால் மாதேசு எழுந்துவிடுவார். இறங்கினேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அதில் முதுகை வைத்து நின்றேன். கால் இரண்டும் நடுங்கின. இது தூறலினால் என்று எழுதலாம், ஆனால் இன்று தூறவில்லை.

அவர்கள் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டியது புரிந்தது. இங்கே நிறுத்தியதற்குப் பணம். நான் வாயில் விரலை வைத்து “ஷ்ஷ்” என்றேன். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துச் சாய்ந்து, உள்ளே ஆள் தூங்குகிறார் என்று காட்டினேன். தடிக்காரன் ஏதோ கத்த ஆரம்பித்தான். நான் மறுபடியும் “ஷ்ஷ்” என்றேன், என் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல. என்ன ஆச்சரியம், அவன் குரலைத் தாழ்த்திவிட்டான். அதற்குப் பிறகு நடந்த தகராறு முழுவதும் கிசுகிசுப்பாகவே நடந்தது. அவர்கள் கிசுகிசுத்து மிரட்டினார்கள். நான் கிசுகிசுத்து மறுத்தேன். அந்த வழியாகப் போன யாராவது பார்த்திருந்தால், துக்க வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

தடிக்காரன் என்னை விலக்கிவிட்டுக் கதவுப் பிடியில் கை வைக்க வந்தான். நான் நகரவில்லை. கையை ஓங்கினான். என் கை தானாக எழுந்தது. முதல் பாடம், முதல் தடுப்பு. இருபத்தேழு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அடி என் முன்கையில் பட்டு வழுக்கிப் போனது. அவன் என்னைப் பார்த்தான். நான் என் கையைப் பார்த்தேன். இருவருக்கும் அதிர்ச்சி.

பக்கத்தில் நின்றவன் கன்னத்தில் அறைந்தான். அதற்கான தடுப்பு இரண்டாம் பாடத்தில் வருகிறது. அதற்குள் அறை விழுந்துவிட்டது.

கத்தியிருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். காடே அதிர்ந்திருக்கும், அவர்களும் ஓடியிருக்கலாம். ஆனால் குறட்டைச் சத்தம் கதவு வழியாக என் முதுகில் அதிர்ந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது அறையும் விழுந்தது. மூக்குக் கண்ணாடி எங்கோ பறந்தது.

அப்போது மங்கலாக ஒரு பெரிய உருவம் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. லாரி. நம்ம ஊர்ப் பதிவெண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறார் ஒரு ராசிபுரத்துக்காரர். கையில் ஜாக்கி கம்பியோடு குதித்து, “யார்ரா அது? என்னாச்சுங்ணா?” என்று அலறினார்.

“மெதுவாப் பேசுங்க!” என்றேன்.

மூன்று பேரும் பைக்கைப் பார்த்து ஓடினார்கள். வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனார்கள். பழக்கம் பிடித்துவிட்டது போலும்.

ராசிபுரத்துக்காரர் என் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தார். அவரும் போகவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து உப்புமா கிண்டினார். தாளிக்கும்போது நான் மூடியால் மறைத்துப் பிடித்துக்கொண்டேன், கடுகு ரொம்ப வெடித்தது. மாதேசு எழுந்தபோது மணி ஏழு.

“ஒரு மணி நேரம் ஆயிருச்சுங்களா?” என்றார்.

“ஆச்சு” என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

நாக்பூர். காலையிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நிழலில் உட்கார்ந்திருந்தோம். மாதேசு என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ராசிபுரத்துக்காரர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “மாதேசு, வெள்ளிக்கிழமை நான் யாரையும் துரத்தலை. அவங்க இருந்ததே எனக்குத் தெரியாது.”

“தெரியுமுங்க” என்றார்.

“எப்படி?”

“நாந்தான் தூங்கலீங்களே. சைடு கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவனுங்களப் பார்த்து ஹாரன் அடிக்கலாம்னு கையை வெச்சேன். அதுக்குள்ள நீங்க கண்ண மூடிக்கிட்டு வந்து நின்னு கத்தினீங்க.” கொஞ்சம் சிரித்தார். “அப்பறம் அந்தப் பக்கமா ஓடுனீங்க.”

வெகுநேரம் மூட்டைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

“எல்லாம் தெரிஞ்சும் என்னை நம்பி எப்படித் தூங்கினீங்க?”

“மூணு ராத்திரியா நீங்களும் பொட்டுத் தூக்கம் தூங்கலீங்களே மாஸ்டர். லைட்டை அணைக்க உடல. எல சருகு அசைஞ்சாலும் எந்திரிச்சு உக்காந்தீங்க. உங்களுக்கு என்னையவிடப் பயம். இவர் கட்டாயம் முழிச்சிருப்பாருன்னு தெரிஞ்சுது. அதான் நிம்மதியாப் படுத்தேன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

திரும்பும் வழி. ராசிபுரத்துக்காரர் வண்டியும் கூடவே வருகிறது. ஒரே இடத்தில் நிறுத்துகிறோம். இரண்டு பேர் தூங்கினால் ஒருவர் முழித்திருக்கிறார். நேற்று நான் ஐந்து மணி நேரம் தூங்கினேன், விளக்கை அணைத்துவிட்டு.

டாபாவில் எடுத்த படம் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. திருடர்கள் ஐந்து பேர் ஆகிவிட்டார்கள். கோகிலா போன் செய்து, “இன்னொருத்தனையும் சேர்த்து அரை டஜனா ஆக்கிருங்க” என்றாள். பிறகு, “கன்னத்துல மருந்து போட்டீங்களா?” என்றாள். கன்னத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை. மாதேசுதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

சம்பூர்ணம்மாவிடம் என் பயிற்சித் திட்டத்தைக் கொடுத்தேன். ஒரு தாள். நாக்பூர் லைனில் வண்டிகள் இரண்டிரண்டாகப் போக வேண்டும். ஒன்றாக நிறுத்தி, முறை வைத்துத் தூங்க வேண்டும். வெளிச்சமும் ஆட்களும் இல்லாத இடத்தில் நிறுத்தக் கூடாது. பணத்தைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். தூங்கியதற்காகத் தாமதமானால் யாரையும் திட்டக் கூடாது.

திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

“இதுல கராத்தே எங்கீங்க மாஸ்டர்?”

“இல்லீங்கம்மா.”

“ஒரு வண்டி லோடு ஏத்தி, இன்னொரு வண்டிக்காகக் காத்திருந்தா சரக்குக்காரப் பார்ட்டி என்னைய உடுவானுங்களா?”

மாதேசின் பெயரைச் சொல்லாமல், ஒரு டிரைவர் தூங்கி எட்டு மாதமானதைச் சொன்னேன். அந்த பஸ் எவ்வளவு பக்கத்தில் போனது என்பதையும் கையால் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னத்தை.

“சரி. நாக்பூர் லைனுக்கு மட்டும். தீவாளி வரைக்கும் பார்க்கலாம்” என்றார். “ஆனா ஞாயித்துக்கிழமை நீங்களே நின்னு சொல்லோணும். நான் சொன்னா இதுலயும் ஏதோ காரியம் இருக்குதுன்னு நெனைப்பானுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. அஞ்சு பேரை அடிச்சவராச்சே.”

ஜூலை 21, ஞாயிறு

சீருடை போடாமல் போனேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் விசில். சுவரில் யாரோ டாபா படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். “மாஸ்டர், அந்த அஞ்சு பேரை அடிச்ச அடியக் காட்டுங்க!” என்று குரல்கள். மாதேசு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். ஐந்து பேரை அடித்தவர் சொன்னால் கேட்பார்கள் என்று சம்பூர்ணம்மாவே சொல்லியிருக்கிறார். நல்ல விஷயத்துக்குத்தானே.

மைக்கைப் பிடித்தேன்.

“நான் இதுவரைக்கும் யாரையும் அடிச்சதில்லை. அஞ்சு பேரையும் இல்லை, ஒருத்தரையும் இல்லை. அங்க போன மூணு ராத்திரியும் பயத்துல எனக்குத் தூக்கமே வரலை. உங்கள்ல எத்தனை பேருக்கு அப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. கை தூக்க வேண்டாம்.”

விசில் நின்றது. என் கராத்தே வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு நரைத்த மீசைக்காரர் கேட்டார்.

“அடி வாங்கியிருக்கீங்களா?”

கன்னத்தைத் தொட்டேன். “ரெண்டு.”

யாரும் சிரிக்கவில்லை. நரைத்த மீசைக்காரர் எழுந்து, தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். தரையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் அடங்கியபோது, நாற்பது பேரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார்கள்.

“சொல்லுங்க மாஸ்டர்” என்றார் அவர்.